மீந்த பெயின்ட்டை மூடி வைப்பதும் மறுபடி திறந்து பார்ப்பதும்

சில ஆண்டுகளுக்கு முன்பு கட்டிலை நகர்த்தியபோது படுக்கையறைச் சுவரில் விழுந்த ஒரு சாண் நீளக் கீறலை மறைப்பதற்காக, மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த பழைய எமல்ஷன் (நீர் சார்ந்த சுவர்ப் பெயின்ட்) டப்பாவை எடுத்துத் திறந்தேன். மூடியை நெம்பியவுடன் 'புஸ்' என்று காற்று வெளியேறியது; கூடவே அழுகிய முட்டையின் நாற்றமும் வந்தது. மேலே சாம்பல் நிறத்தில் நீர் தேங்கியிருந்தது. குச்சியை விட்டுக் கலக்கியதும் நிறம் கூடி வந்துவிட்டதால், காய்ந்தால் நாற்றம் போய்விடும் என்று நம்பிப் பூசிவிட்டேன். நாற்றம் போகவில்லை. காற்றில் ஈரம் ஏறிய நாள்களில் எல்லாம் அந்த மூலை நாறியது. கடைசியில் பூசியதைச் சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்து, அந்தச் சுவர் முழுவதையும் மறுபடி பூச வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு மீந்த பெயின்ட்டை எப்படி வைக்கிறேன், எத்தனை காலம் கழித்து அது எப்படி இருக்கிறது என்பதைக் கவனித்துக் குறித்து வருகிறேன். வைத்திருந்த ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, மூடி போட்ட அன்று செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் பெயின்ட்டின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்பது என் அனுபவம்.

அந்த டப்பாவுக்கு நேர்ந்ததையே எடுத்துக்கொள்ளலாம். எமல்ஷன் என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிசின் துகள்களும், நிறமிகளும், பெயின்ட்டுக்குக் கெட்டித்தன்மை தருவதற்காகச் சேர்க்கப்படும் பொருள்களும் கலந்த கலவை. கெட்டித்தன்மைக்காகப் பெரும்பாலும் சேர்ப்பது செல்லுலோஸ் வகைப் பொருள். அது பாக்டீரியாவுக்கு நல்ல இரை. அதனால்தான் ஆலையிலேயே கிருமிகளைத் தடுக்கும் மருந்தை ஓர் அளவோடு சேர்த்து அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டு வேலை முடிந்த அன்று, தட்டில் தண்ணீர் விட்டு இளக்கிய பெயின்ட்டையும், பிரஷ்ஷிலிருந்து வழித்தெடுத்ததையும், வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் நானே டப்பாவில் திரும்ப ஊற்றியிருந்தேன். அந்தத் தண்ணீரோடும் தூசியோடும் கிருமிகள் உள்ளே போயின. தண்ணீர் கூடியதால் மருந்தின் வீரியமும் குறைந்தது. பிறகு நடக்க வேண்டியது நடந்தது. கிருமிகள் கெட்டித்தன்மை தரும் பொருளைச் சிதைத்ததால் பெயின்ட் நீர்த்தது. அவை வெளியிட்ட வாயு மூடிக்கு அடியில் சேர்ந்து நின்றது. இப்படிக் கெட்ட பெயின்ட்டில் எதைச் சேர்த்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

ஆகவே இப்போது எங்கள் வீட்டில் பிரஷ்ஷை நேராக டப்பாவில் தோய்க்க விடுவதில்லை. அன்றைய வேலைக்கு வேண்டிய அளவை வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, உடனே டப்பாவை மூடிவிடுகிறோம். தண்ணீரோ டர்பன்டைனோ கலந்த பெயின்ட் எவ்வளவு மிஞ்சினாலும் டப்பாவுக்குத் திரும்பாது. அதை ஏதாவது பழைய பலகையின் மேலோ, கண்ணில் படாத அலமாரியின் பின்புறத்திலோ பூசித் தீர்த்துவிடுவேன்.

அடுத்த எதிரி டப்பாவுக்குள் இருக்கும் காற்று. நான்கு லிட்டர் டப்பாவில் அரை லிட்டர் மட்டும் மிஞ்சியிருந்தால், அதன்மேல் மூன்றரை லிட்டர் காற்று நிற்கிறது என்று பொருள். எமல்ஷனில் இருக்கும் நீர் அந்த வெற்றிடத்தில் மெல்ல ஆவியாகும். டப்பாவின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் பெயின்ட் செதிலாகக் காய்ந்து, திறக்கும்போது உள்ளே உதிர்ந்து, பிறகு சுவரில் மணல்போலப் படியும். எண்ணெய் சார்ந்த பெயின்ட்டான எனாமலின் கதை வேறு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும் இயல்புடையது. உள்ளே காற்று எவ்வளவு அதிகமோ, மேலே படரும் ஏடும் அவ்வளவு தடிப்பாக இருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பெயின்ட்டின் அளவுக்கு ஏற்ற சிறிய கலனுக்கு மாற்றி, விளிம்புவரை நிரப்பி மூடுவது. எமல்ஷனுக்கு இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி பாட்டில் மிக நல்லது. துருப்பிடிக்காது, திறக்காமலே உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். எனாமலுக்கு நான் சிறிய உலோக டின்களையே பயன்படுத்துகிறேன், ஏனென்றால் அதிலுள்ள கரைப்பான் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கலன் சற்றுப் பெரிதாக இருந்தால், கழுவித் துடைத்துக் காயவைத்த கண்ணாடிக் கோலிக்குண்டுகளை மெதுவாக உள்ளே இட்டால் பெயின்ட்டின் மட்டம் விளிம்புவரை ஏறிவிடும்.

பழைய டப்பாவிலேயே வைப்பதானால் அதன் வாய்ப்பகுதியைக் கவனிக்க வேண்டும். மூடி உட்காரும் காடியில் பெயின்ட் தேங்கிக் காய்ந்துவிட்டால், எவ்வளவு அழுத்தி மூடினாலும் ஓரிடத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். காடியைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வாய்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, மூடியை வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டி இறக்க வேண்டும். சுத்தியலால் நேராக அடித்தால் விளிம்பு நெளிந்துவிடும். திறக்கும்போதும் அப்படியே: ஓரிடத்தில் மட்டும் நெம்பாமல், சுற்றிச் சுற்றி விரலளவுக்கு ஓரிடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்ப வேண்டும். டப்பாவைத் தலைகீழாக வைத்தால் பெயின்ட்டே மூடியை அடைத்துக்கொள்ளும் என்று பலர் சொல்கிறார்கள். மூடி முழுக்க இறுகியிருந்தால் அது பலிக்கும். ஆனால் அப்படி இறுகிய மூடிக்குத் தலைகீழாக நிற்க வேண்டிய அவசியமே இல்லை, இறுகாத மூடியோ கசியும். நான் நேராகவே வைக்கிறேன்.

வைக்கும் இடம் வறண்டும் வெயில் படாமலும் வெப்பம் அதிகம் ஏறி இறங்காமலும் இருந்தால் போதும். சிமென்ட் தரையின் ஈரம் டின்னின் அடியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் கீழே ஒரு பலகை இடுவது நல்லது. குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கும் ஊர்களில் எமல்ஷனை வெளிக் கொட்டகையில் விடவே கூடாது; நீர் பனிக்கட்டியாகும்போது பிசின் துகள்களை ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டவைத்துவிடும். எனாமலும் அதை இளக்கப் பயன்படும் தின்னரும் தீப்பற்றக்கூடியவை. அவற்றை அடுப்பு, வெந்நீர்க் கலன் போன்றவற்றுக்கு அருகில் வைக்கக் கூடாது, குழந்தைகளின் கைக்கு எட்டவும் விடக் கூடாது.

பெயர்ச்சீட்டை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இயந்திரத்தில் நிறம் கலந்து தரும் கடைகளில் மூடியின்மேல் ஒட்டும் சீட்டில் ஷேடின் எண், பேஸின் (நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயின்ட்டின்) வகை, எந்தெந்த நிறக்கரைசல் எத்தனை அளவு என்பதெல்லாம் இருக்கும். அந்த எழுத்து சில ஆண்டுகளில் மங்கிவிடும்; ஆகவே வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து வைக்கிறேன். அதோடு பாட்டிலின் பக்கவாட்டில், எந்த அறையின் எந்தச் சுவர், எத்தனை கோட், பளபளப்பானதா பளபளப்பற்றதா, எந்தத் தேதியில் மூடியது என்பதைப் பென்சிலால் எழுதி ஒட்டுகிறேன். பெயின்ட் கெட்டே போனாலும் இந்தச் சீட்டு இருந்தால் அதே நிறத்தை மறுபடி கலந்து வாங்கிவிடலாம் என்பதால், சீட்டு பெயின்ட்டைவிட மதிப்புள்ளது என்றே சொல்வேன்.

இனி, திறந்து பார்ப்பது. திறக்காத எமல்ஷன் டப்பா நல்ல இடத்தில் இருந்தால் 10 ஆண்டுகள் கழித்தும், எனாமல் 15 ஆண்டுகள் கழித்தும்கூடப் பயன்படுவதுண்டு. தயாரிப்பாளர்கள் டப்பாவில் அச்சிடும் கெடு அதைவிடக் குறைவாகவே இருக்கும். திறந்து மூடியதற்கு இப்படி எண் சொல்ல முடியாது. பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மூடி உப்பியிருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. திறந்தவுடன் வரும் வாசனையை நம்பலாம்: எமல்ஷனில் லேசான அம்மோனியா நெடி இயல்பானதே, புளித்த நாற்றமும் அழுகிய நாற்றமும் இயல்பானவை அல்ல. பூஞ்சை படர்ந்திருந்தால் மேலாக வழித்தெடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் வழிக்க முடியும்.

மேலே தெளிந்த நீர் நிற்பதும் அடியில் நிறமி படிவதும் மட்டும் குற்றமல்ல. தட்டையான குச்சியை அடிவரை விட்டு, படிந்ததைக் கீழிருந்து மேலாகக் கிளறி, குறைந்தது ஐந்து நிமிடம் பொறுமையாகக் கலக்க வேண்டும். அடிப்படிவு குச்சிக்கு இளகிக் கொடுத்து நீரோடு ஒன்றானால் நல்லது. சிமென்ட்போல இறுகிக் குச்சியைத் தடுத்தால் அதில் நம்பிக்கை வைக்க வேண்டாம். கலக்கிய பிறகு குச்சியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல பெயின்ட் அறுபடாத நாடாவாக வழியும். திரிந்துபோனது சிறு சிறு உருண்டைகளாகக் குச்சியில் நிற்கும். அங்கங்கே சில செதில்கள் மட்டுமே என்றால் மெல்லிய நைலான் துணியில் வடிகட்டினால் சரியாகிவிடும். பெயின்ட் முழுவதுமே உருண்டைகளாக இருந்தால் பிசின் பிரிந்துவிட்டது, வடிகட்டிப் பயனில்லை.

எனாமலில் ஏடு இருப்பதைக் கண்டு தூக்கி எறிய வேண்டியதில்லை. ஏட்டை உடைத்துக் கலக்கிவிடுவதுதான் பெரும் தவறு. அந்தத் துணுக்குகள் கரையவே கரையாது. கூர்மையான கத்தியை டின்னின் உட்சுவரை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் ஏடு வட்டமாகத் தனியே வந்துவிடும். சென்ற மாதம் ஜன்னல் கம்பிகளுக்காக ஒரு டின்னை இப்படித் திறந்தபோது, ஏடு பழைய தோல்துண்டைப்போல மேற்புறம் சுருங்கியும் அடிப்புறம் ஈரமாகவும் முழுசாக வந்தது. அதன்கீழ் எனாமல் கண்ணாடிபோலப் பளபளத்துக்கொண்டிருந்தது. ஏட்டின் தடிப்பு டின்னின் பாதியை எட்டியிருந்தால் மட்டும் விட்டுவிட வேண்டும்.

எல்லாம் சரியென்று தோன்றினாலும், முதலில் ஓர் அட்டைத்துண்டில் பூசி ஒரு நாள் காயவிடுகிறேன். எமல்ஷன் ஈரத்தில் சற்று வெளிறித் தெரிந்து, காயும்போது நிறம் ஏறும் என்பதால் ஈரத்தில் பார்த்து நிறத்தை முடிவுசெய்யக் கூடாது. காய்ந்ததை விரலால் தேய்த்துப் பார்க்கும்போது மாவாக உதிர்ந்தாலோ, நகத்தால் கீறினால் பட்டையாக உரிந்தாலோ அது சுவரில் நிற்காது. தேர்ந்துவிட்டாலும், வெயிலும் தூசியும் பட்டுச் சுவரின் நிறம் மாறியிருக்கும் என்பதால் நடுச்சுவரில் ஒரு திட்டாகப் பூசினால் திட்டாகவே தெரியும். சிறிய கீறலென்றால் மிகக் குறைந்த அளவை, முதலில் எதனால் பூசப்பட்டதோ அதே கருவியால், அதாவது ரோலரால் பூசிய சுவருக்குச் சிறிய ரோலராலேயே, ஒற்றியெடுப்பதுபோல இடுவேன். பெரிதென்றால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை சுவர் முழுவதும் பூசுவதே வழி.

வீட்டை விட்டுச் சென்றவர்கள் வைத்துவிட்டுப் போன, தேதி தெரியாத மிகப் பழைய டப்பாக்களை மட்டும் நான் சோதிப்பதுகூட இல்லை. முற்காலப் பெயின்ட்டுகள் பலவற்றில் நிறத்துக்காகவும் விரைவில் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள்; இன்று பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கும் மேல்வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. ஈயத்தின் தீங்கு குழந்தைகளுக்கே மிக அதிகம்.

கெட்டதென்று முடிவான பெயின்ட்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. கொஞ்சமாக இருக்கும் எமல்ஷனில் மரத்தூளையோ மணலையோ கொட்டிக் கிளறி, காற்றோட்டமான இடத்தில் திறந்து வைத்தால் சில நாள்களில் கட்டியாகிவிடும். அதன்பிறகு உள்ளூர் விதிப்படி குப்பையில் சேர்க்கலாம். எனாமலும் தின்னரும் அபாயக் கழிவைப் பெறும் இடத்துக்கே போக வேண்டும். எண்ணெய் சார்ந்த பெயின்ட்டைத் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போடாதீர்கள். காயும்போது அவற்றுக்குள் வெப்பம் பெருகித் தானாகவே தீப்பிடிக்கும். அவற்றைத் திறந்த வெளியில் ஒற்றை ஒற்றையாக விரித்து முழுக்க உலரவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிரம்பிய உலோகக் கலனில் அமிழ்த்தி மூடி, கழிவைப் பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.