15 லட்சம் வருஷம்னு எப்படி சொல்றாங்க?

வாட்ஸப்ல மறுபடி அந்த மெசேஜ் சுத்த ஆரம்பிச்சிருக்கு, "15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே தமிழன் திருவள்ளூர்ல வாழ்ந்தான்"னு. நம்பர் நிஜம் தான், திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கற அத்திரம்பாக்கம்ங்கற ஊர்ல கிடைச்ச கல் கருவிகளோட வயசு அது. ஆனா தமிழன்னு சொல்றதெல்லாம் கொஞ்சம் ஓவர். நம்ம மனுஷ இனத்துக்கே, இதுவரை கிடைச்ச எலும்பை வெச்சுப் பார்த்தா, சுமார் 3 லட்சம் வருஷம் தான் ஆகுது. அத்திரம்பாக்கத்துல ஒரு மனுஷ எலும்பு கூட கிடைக்கல, அதனால செதுக்கினது யாருன்னே தெரியாது.

எனக்கு இதுல புடிச்சதே வயசை கண்டுபிடிச்ச விதம் தான். 1863லயே ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வாளர் இந்த இடத்தை பார்த்துட்டார், ஆனா எவ்வளவு பழசுன்னு சொல்ல அப்ப வழியில்ல. 1999ல இருந்து தொல்லியல் ஆய்வாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் டீம் அங்க தோண்டினாங்க. கருவியெல்லாம் குவார்ட்சைட் கல்லு. கல்லு வெளிய கிடக்கும்போது விண்வெளிக் கதிர் பட்டு அதுக்குள்ள அலுமினியம் 26, பெரிலியம் 10னு ரெண்டு கதிரியக்க அணு உருவாகும், ஆழமா மண்ணுக்குள்ள போயிட்டா உருவாகறது கிட்டத்தட்ட நின்னுடும், இருக்கறது மட்டும் கரைஞ்சுட்டே வரும். அலுமினியம் பாதியாக சுமார் 7 லட்சம் வருஷம், பெரிலியத்துக்கு அதுல ரெண்டு மடங்கு. ரெண்டும் என்ன விகிதத்துல மிச்சம் இருக்குன்னு அளந்தா கல்லு எப்ப புதைஞ்சுதுன்னு வந்துடும். பூமியோட காந்தத் திசை காலப்போக்குல தலைகீழா மாறும், மண்ணுல பதிஞ்ச அந்தப் பழைய திசையையும் பார்த்தாங்க, அதுவே குறைஞ்சது 10 லட்சம் வருஷம்னு சொல்லுச்சு. 2011ல சயின்ஸ் பத்திரிகைல வந்துச்சு.

பூண்டி டேம் பக்கம் போறவங்க அங்க இருக்கற மியூசியத்தை விட்டுடாதீங்க. கைக்கோடரிய கிட்ட நின்னு பாருங்க, ரெண்டு பக்கமும் சில்லு சில்லா தட்டி எடுத்து நுனிய கூராக்கி, அடிப்பக்கத்தை உள்ளங்கைல உக்கார்ற மாதிரி தடிமனா விட்டிருப்பாங்க. ஏதோ உடைஞ்ச கல்லுன்னு யாரும் சொல்ல முடியாது.

2018ல நேச்சர் பத்திரிகைல அதே டீம் அத்திரம்பாக்கத்தைப் பத்தி எழுதினது தான் பெரிய சண்டைய கிளப்பிச்சு. மேல் அடுக்குல 7,200க்கு மேல கருவிங்க, பெரிய கைக்கோடரி குறைஞ்சு, முன்னாடியே கல்லை தயார் பண்ணி வெச்சு சின்னச் சில்லா உரிக்கற டெக்னிக். இதுக்கு லூமினசன்ஸ் முறை, அதாவது மண் துகள் கடைசியா எப்ப வெயில் பார்த்துச்சுன்னு அளக்கறது, அதனால சாம்பிளை வெளிச்சம் படாம எடுத்து லேப்லயும் மங்கலான சிவப்பு லைட்ல தான் பிரிப்பாங்க. வந்த வயசு சுமார் 3,85,000 வருஷம். இந்த டெக்னிக்கை ஆப்பிரிக்கால இருந்து நம்ம இனம் தான் ரொம்ப பின்னாடி இந்தியாவுக்கு கொண்டு வந்துச்சுன்னு சொல்லிட்டு இருந்தவங்களுக்கு இது செம இடி. இங்கயே தனியா உருவாச்சா, வேற யாராவது கொண்டு வந்தாங்களான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க, ஒரு மண்டையோடு கிடைச்சா தான் தீரும்.