பாலாறு முப்பத்தைந்து சென்டிமீட்டர்

மாநில விலங்கு எது என்று கேட்டால் "வரையாடு!" என்று ஐந்தாம் வகுப்பு மொத்தமும் கத்தும். அது எந்த மலையில் நிற்கும், நம்ம வேலூர் மலையில் ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி போட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். தமிழ்நாட்டைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். காட்பாடிப் பக்கத்துப் பிள்ளை பள்ளிக்கு வரும் வழியில் பார்ப்பது பாலாற்று மணலும் பனையும். அங்கிருந்து தொடங்கினால் மற்ற ஊர்கள் தானாக வந்து சேரும்.

பாலாற்றை வரைபடத்தில் கொண்டுவர ஒரு முழு சார்ட் பேப்பரும் மூன்று நிற நூலும் போதும். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்தால் தமிழ்நாடு அந்தத் தாளில் நெடுக்காக அடங்கிவிடும். பாலாறு 348 கி.மீ.: கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, நம் பக்கம் 222. ஆக சிவப்பு நூல் 9.3 செ.மீ., மஞ்சள் 3.3, நீலம் 22.2. முடிச்சுக்கென்று இரண்டு முனையிலும் கொஞ்சம் கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆந்திரா முடிச்சுக்குள்ளேயே காணாமல் போகும். ஆறு பிறக்கும் கர்நாடகத்து நந்தி மலையில் ஒரு முனையை ஒட்டி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாகக் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூர் வரை கொண்டுபோக வேண்டும். ஸ்கேல் வைத்து ஆற்றை நேர்க்கோடாகப் போட்ட குழுவுக்குக் கடற்கரையில் ஐந்தாறு சென்டிமீட்டர் நூல் மிச்சமாகித் தொங்கும். கத்தரிக்கோலை எடுக்க விடாதீர்கள். அந்த மிச்சம்தான் ஆற்றின் வளைவுகள். நூலை நெளித்து ஒட்டிப் பார்க்கச் சொன்னால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

"ஆத்துல தண்ணியே இல்லையே சார்" என்பது கட்டாயம் வரும். வருஷத்தில் பெரும்பகுதி பாலாறு மணலுக்கு அடியில்தான் ஓடுகிறது. 2021 நவம்பரில் அது கரை புரண்டபோது எடுத்த வீடியோ யாராவது ஒரு மாமாவின் போனில் இருக்கும். கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். ஆற்றுக்குக் கூட்டிப்போனால் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும் பக்கம் வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட ஆறு இது என்பதால், ஊற்று கிடைத்தாலும் வாயில் வைக்க விடக் கூடாது. ஏன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம், பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

பனைக்கு ஒரு பருவம் ஒதுக்குங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டை இருக்கும். முப்பது கொட்டையைப் பொறுக்கி, மணல் பாத்தியில் நெருக்கமாக அடுக்கி, மண் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் பொங்கலுக்குக் கிழங்கு தயார். பெரும்பாலும் சறுக்குவது ஓர் இடத்தில்தான்: பள்ளிக்கூடத்து சிமென்ட் தரைமேல் அரையடி மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டுவது. கொட்டையிலிருந்து முளை மேலே வராது, முதலில் கீழே இறங்கும். ஆழம் கிடைக்காவிட்டால் கிழங்கு கோணிக்கொண்டு நிற்கும். இரண்டடி இளகிய மண் வேண்டும். பிடுங்கத் தாமதித்தால் நார் ஏறிவிடும். நான்கைந்தைப் பிடுங்காமல் ஏரிக்கரையில் நட்டுவிடலாம். ஆண்பனையா பெண்பனையா என்று தெரிய அவர்கள் வேலைக்குப் போகும் வயது ஆகிவிடும்.

வேலூர்க் கோட்டைக்குக் காலை ஏழரைக்கே போய்விடுங்கள். வேலூர் வெயிலில் பத்து மணிக்குமேல் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்தரையில் பிள்ளைகள் செருப்பில்லாமல் நிற்க முடியாது. சுட்டால் காலைத்தான் கவனிப்பார்கள், தூணை அல்ல. வெள்ளிக்கிழமை வேண்டாம், அருங்காட்சியகம் இருக்காது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியை அகழியைப் பார்த்தபடி சொன்னால் பாதிப் பாடம் முடிந்தது. இன்னொன்று: நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் கிடந்த இந்தக் கோயிலுக்கு 1981-ல்தான் லிங்கம் திரும்பியது. பாட்டி தாத்தா பார்த்த நிகழ்ச்சி என்பதால் வீட்டில் போய் விசாரிப்பார்கள்.

தெருக்கூத்தை விடிய விடியக் காட்டத் தேவையில்லை. பத்து மணிக்கே தூங்கிவிடுவார்கள். வேஷம் கட்டும் இடத்துக்கு மாலையில் அழைத்துப்போய், கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜகீர்த்தியையும் ஒருமுறை தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பார்க்கப் பெரிதாக இருப்பது கல்யாண முருங்கை மரத்தில் செய்ததால் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று கைதான் சொல்லும்.

நகரங்களுக்குப் பேப்பரும் நூலும்கூட வேண்டாம், வீட்டுக் குப்பை போதும். உப்புப் பாக்கெட்டில் தூத்துக்குடி, பனியனில் திருப்பூர், காலண்டரில் சிவகாசி, மோட்டாரில் கோயம்புத்தூர். பாக்கெட்டில் இருக்கும் சென்னை முகவரியை மட்டும் பார்த்து எல்லாமே சென்னையில் செய்தது என்று எழுதிவிடுவார்கள். விற்கிற முகவரி வேறு, செய்கிற முகவரி வேறு என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். நம் ஊருக்கு வந்ததை எழுதிய பிறகு இங்கிருந்து போவதையும் எழுத வேண்டும்: ஆம்பூர் ஷூ, குடியாத்தம் கைலி. பஜாரில் பார்சல் ஆபீஸ் சுவரில் லாரி போகும் ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். நோட்டோடு அங்கே பத்து நிமிஷம் நிற்கவைத்து, எழுதிய ஊர்களை அதே சார்ட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.