நவம்பரில் வந்த ஹம்மிங் பறவை

கனடாவின் கிழக்குப் பகுதியில் வழக்கமாகக் கூடுகட்டி வாழும் ஹம்மிங் பறவை ரூபித்தொண்டை என்ற ஓரினம் மட்டுமே. அதுவும் செப்டம்பர் முடிவதற்குள் பெரும்பாலும் மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் கிளம்பிவிடும். டொரண்டோ நகரின் ஸ்காபரோவில் நாங்கள் ஒரு பேஸ்மென்ட் வீட்டில் குடியேறிய புதிதில் இதை எனக்குச் சொல்லித்தந்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. அப்படியிருந்தும், தம் முற்றத்துச் சீனித்தண்ணீர்க் குப்பியை அவர் நவம்பரிலும் இறக்கவில்லை. தீனி தொங்கினால் பறவை போகாமல் தங்கிவிடாதா என்று கேட்டேன். அதைக் கிளப்புவது பகல் குறுகுவதுதான், குப்பிக்கு அதில் பங்கில்லை என்றும், பிந்தி வருகிற அந்நிய விருந்தாளிக்காகவே அதை விட்டுவைத்திருப்பதாகவும் சொன்னார்.

அந்த விருந்தாளி வந்தேவிட்டது. விலாவிலும் வாலின் அடியிலும் செம்பழுப்பு படர்ந்த, நாலு கிராம்கூடத் தேறாத ரூஃபஸ் இனப் பெட்டை அது. அலாஸ்கா முதல் ஓரிகன் வரையான மேற்குப் பகுதியில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் மெக்சிகோவுக்குப் போக வேண்டிய இனம். அலன் என்ற இன்னோர் இனத்தின் பெட்டையும் ஏறக்குறைய இதே தோற்றமுடையது என்பதால், வால் விரிந்த நொடியில் எடுத்த படத்தில் இறகுகளின் அகலத்தைப் பார்த்துத்தான் அனுபவசாலிகள் இனத்தை உறுதிசெய்தார்கள்.

உபசரிப்புத்தான் பெரும்பாடு. ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு நாலு பங்கு தண்ணீர். தேனோ சாயமோ கூடாது. இரவில் உடற்சூட்டை வெகுவாகத் தணித்து உறைந்ததுபோல் கிடக்கும் பறவைக்கு, விழித்தவுடன் சீனி கிடைத்தாக வேண்டும். குப்பியோ விடிவதற்குள் கட்டியாகிவிடும். இரவு வேலை முடிந்து இருட்டோடு வீடு திரும்பும் எனக்கே குப்பி மாற்றும் பொறுப்பு வந்து சேர்ந்தது. கையுறையைக் கழற்றாமல் அந்த மூடியைத் திருக முடியாது.

"பாவம், வழிதவறிவிட்டது" என்று என் மனைவி இரங்கியபோது மூதாட்டி ஒப்பவில்லை. 2010 ஜனவரியில் புளோரிடாவின் டலஹாசியில் காலில் அடையாள வளையமிடப்பட்ட ஒரு ரூஃபஸ், அதே ஆண்டு ஜூனில் 5,600 கிலோமீட்டருக்கும் அப்பால் அலாஸ்காவில் மீண்டும் பிடிபட்டதை அவர் எடுத்துக்காட்டினார். மெக்சிகோ வளைகுடாக் கரையோரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் ரூஃபஸ்களும் உண்டு. தடம் மாறியவை எல்லாம் அழிந்துபோவதில்லை.

எங்கள் பறவைக்கு வளையமில்லை. ஒரு தெளிந்த காலையில் வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போனது, பிறகு வரவில்லை. மே மாதத் தொடக்கத்தில் ரூபித்தொண்டைகள் திரும்பிவிடும் என்று சொல்லி மூதாட்டி எனக்கும் ஒரு குப்பி தந்தார். அதைத் தொங்கவிட ஓர் ஆணி அடிப்பதற்கு வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கத்தான் ஏப்ரல் முழுதும் அலைய வேண்டியிருந்தது.