லாரி வெளிச்சம்

ரயில் டிரைவர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் நாலு பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் யாராவது ஒருத்தர் வெள்ளைச் சேலைக்காரியை இழுத்து வந்துவிடுவார். ராத்திரி மூணு மணி, ஆள் அரவமில்லாத இடம், தண்டவாளத்துக்குக் குறுக்கே நடந்து போனாளாம். பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லையாம். நானும் அவளை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை அவள் ஒரு கரண்டு கம்பத்தின் நம்பர் பிளேட்டு. ஹெட்லைட் பட்டு மின்னியது. இரண்டாம் முறை அவள் என்னவாக இருந்தாள் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு நான் வண்டியை நிறுத்தவில்லை.

31 வருஷம் இன்ஜினில் உட்கார்ந்திருந்தேன். முக்கால்வாசி கூட்ஸ், கடைசியில் சில வருஷம் பாசஞ்சர், எக்ஸ்பிரஸ். கண்ணை நம்பித்தான் இந்த வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் கண் பரிசோதனைக்கு அனுப்புவதும் உண்மைதான். ஆனால் கண்ணை எந்த அளவுக்கு நம்பக்கூடாது என்று கற்றுக்கொள்ளத்தான் எனக்குப் பாதி சர்வீஸ் ஆயிற்று.

விடியற்காலை மூணிலிருந்து ஐந்து வரை உடம்பு நம் பேச்சைக் கேட்காது. கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். அதற்காகத்தான் இன்ஜினில் வி.சி.டி. என்று ஒரு கருவி. ஒரு நிமிஷம் போல எந்தக் கைப்பிடியையும் தொடாமல் இருந்தால் விளக்கு மினுக்கும், அப்புறம் பஸ்ஸர் கத்தும், அதற்கும் அசையவில்லை என்றால் பிரேக் தானாக விழும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரைத் தூக்கத்திலேயே அந்தப் பட்டனை அமுக்கப் பழகிய கட்டைவிரல்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று என்னுடையது.

அந்த நேரத்தில்தான் இல்லாதது எல்லாம் தெரியும். மரம் குனியும். தண்டவாளம் தூரத்தில் வளையாத இடத்தில் வளையும். ஒருமுறை முன்னால் ஒரு ஸ்டேஷன் முழு விளக்கோடு வருகிறது என்று வேகத்தைக் குறைக்கப் போனேன். அந்த ஸ்டேஷனைத் தாண்டி இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

தூக்கம் வராத நேரத்திலும் ஏமாறலாம். காலையில் மேற்கே பார்த்துப் போகும் வண்டிகளுக்கு முதுகுப் பக்கம் சூரியன் எழும். அந்த வெயில் நேராகச் சிக்னல் கண்ணாடிக்குள் புகுந்து திரும்பினால், எரியாத விளக்கு எரிவதுபோல ஒரு மங்கல் நிறம் காட்டும். சிக்னலின் ஒவ்வொரு கண்ணுக்கு மேலும் குல்லா வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். எல்.இ.டி. சிக்னல் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. ஆனால் விதி அன்றும் இன்றும் ஒன்றே: சிக்னல் சரியாகத் தெரியவில்லையா, எது அதிகமாகக் கட்டுப்படுத்துமோ அந்த நிறம் என்றே எடுத்துக்கொள். நிறம் என்ன என்று யோசித்து முடிவு பண்ணும் உரிமையே டிரைவருக்குக் கிடையாது. எனக்குப் பிடித்த விதி இது. அறிவாளித்தனத்துக்கு இடமே வைக்கவில்லை.

இன்னொன்று, உரக்கச் சொல்வது. டிஸ்டன்ட், ஹோம், ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொரு சிக்னல் கண்ணில் பட்டதும் அசிஸ்டென்ட் பெயரையும் நிறத்தையும் சொல்ல வேண்டும், டிரைவர் திருப்பிச் சொல்ல வேண்டும். புதிதில் எனக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும் பச்சையை எதற்கு ஒருவருக்கொருவர் கத்திச் சொல்ல வேண்டும்? கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் பெயரையும் தொகையையும் சத்தமாகப் படிப்பார் இல்லையா, அதேதான். நாலு காது கேட்டுவிட்டால் ஐந்நூறு ஐம்பதாகாது. ஜப்பான் ரயில்வேயில் விரலை நீட்டிக் காட்டி வாயாலும் சொல்வார்கள். 1994-ல் அங்கே ரயில்வே ஆராய்ச்சி நிலையம் சோதித்தபோது அப்படிச் செய்தவர்களின் தவறு 85 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாம். ரெஃப்ரெஷர் கோர்ஸில் இன்ஸ்ட்ரக்டர் சொன்னார். பின் வரிசையில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஏமாறுவது நாங்கள் மட்டுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்தைக் கடக்கிறவர்கள் வண்டியைப் பார்க்காமல் வருகிறார்கள் என்று எல்லோரும் திட்டுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் பார்க்கிறார்கள். நேராக என் முகத்தையே பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, நேரம் இருக்கிறது என்று கால் வைப்பார்கள். பெரிய பொருள் எவ்வளவு வேகமாக வந்தாலும் மெதுவாக வருவதுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும் என்று 1985-ல் லெய்போவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் லெவல் கிராசிங் விபத்துகளைப் பற்றி எழுதியிருக்கிறார். யானை நடப்பதும் அப்படித்தானே தெரிகிறது. 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 30 மீட்டர் தாண்டும். ஹாரனை அழுத்திப் பிடித்தபடி அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது தவிர அந்த நேரத்தில் நாம் செய்வதற்கு அதிகம் இல்லை. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

ஐப்பசி கடைசி. சாயங்காலத்திலிருந்து விடாத மழை. லோடு கூட்ஸ், 60-க்குக் கொஞ்சம் குறைவான வேகம். கூட இருந்த அசிஸ்டென்ட் ஆறு மாத சர்வீஸ் பையன்; அதிகம் பேச மாட்டான், சிக்னல் மட்டும் கோயில் மணிபோலச் சொல்வான். ஓரிடத்தில் லைன் இடப்பக்கம் வளையும், ரோடு பக்கத்திலேயே ஓடும். முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு அந்த வளைவில் தண்டவாளத்துக்கு நடுவே நிற்பதுபோலத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது பதறிப்போய் பிரேக் போட்டேன். கன்ட்ரோலுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை அந்தச் சிவப்பைப் பார்த்தாயிற்று. அது எனக்குப் பழகிவிட்டது.

அன்றைக்கும் தெரிந்தது. மழைக்கு நடுவே சின்னப் புள்ளி. லாரி, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கை பிரேக் பக்கம் போகவேயில்லை.

"ரெட்டு சார்."

"லாரிப்பா அது."

"இல்ல சார், ஆடுது."

ஆடியது. இடமும் வலமுமாக, யாரோ தோள் கழன்று போகும்படி வீசுவதுபோல. எமர்ஜென்சி போட்டேன். லோடு வண்டி சொன்னவுடன் நிற்காது. சக்கரம் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. ஹெட்லைட்டில் மழைக்கோட்டு போட்ட ஒருவர் விலகி ஓடுவது தெரிந்தது. அவரைத் தாண்டித்தான் வண்டி நின்றது.

மழைக்காலத்தில் லைனில் ராத்திரி முழுக்க நடக்கும் பேட்ரோல்மேன் அவர். மூச்சு வாங்க ஓடி வந்து இன்ஜின் ஏணியைப் பிடித்துக்கொண்டார். தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டர், அந்த டப்பா இன்னும் பையிலேயே இருந்தது, எடுத்து வைக்க நேரம் இல்லை. அவர் கையில் இருந்தது அந்த விளக்கு ஒன்றுதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் முன்னால் நடந்தோம். முந்நூறு, நாநூறு மீட்டர் இருக்கும். ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயிருந்தன. தண்டவாளம் இரண்டும் ஸ்லீப்பர்களோடு அந்தரத்தில், படுக்கப் போட்ட ஏணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. அடியில் தண்ணீர் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

1956 நவம்பர் 23 அன்று அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகினார். அந்தக் கதையைக் கேட்காமல் இந்தப் பக்கம் யாரும் டிரைவராக முடியாது. எனக்கும் தெரியும். தெரிந்தும், ஐப்பசி மழையில் வந்த சிவப்பு விளக்கை லாரி என்றேன். இல்லாததை இருப்பதாகப் பார்த்தபோதெல்லாம் எனக்குப் போனது சில நிமிஷ நேரமும் ஒரு விளக்கக் கடிதமும்தான். இருந்ததை இல்லை என்று ஒதுக்கியது அந்த ஒரு தடவை.

பொழுது விடிந்த பிறகு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். 'பேட்ரோல்மேன் காட்டிய சிவப்பு விளக்கைக் கண்டு வண்டி நிறுத்தப்பட்டது' என்று எழுதி, பையனிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். படித்தான். என்னைப் பார்த்தான். "சரியா இருக்கு சார்" என்று கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு டீ வாங்கிவரப் போனான்.