போனில் சொன்னதும் ரிப்போர்ட்டில் எழுதியதும்

சரியாகச் சொல்லிவிட்ட ஒரு விஷயம் இத்தனை நாள் உறுத்தும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் பெத்தாலஜியில் இருப்பவர்களை வழக்கமாகத் தூங்கவிடாமல் செய்வது கண்ணில் படாமல் போனவைதான். இது அந்த வகை இல்லை. நான் சொன்னது கடைசியில் சரியாகவே இருந்தது. எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்டால்தான் தடுமாறுகிறேன்.

ஒரு நோயாளிக்கு இடது ஏட்ரியத்தில், அதாவது இதயத்தின் இடது மேலறையில், கட்டி. எக்கோ ரிப்போர்ட்டில் மிக்ஸோமா என்று எழுதியிருந்தது. பெரியவர்களுக்கு இதயத்திலேயே உருவாகும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. அவற்றில் நாங்கள் அதிகம் பார்ப்பது மிக்ஸோமா. அதிலும் நான்கில் மூன்று பங்கு இடது ஏட்ரியத்தில்தான் வரும். அதனால் அப்படி எழுதினால் பெரும்பாலும் பலித்துவிடும். கட்டி மைட்ரல் வால்வை அடைத்து மூச்சுத்திணறல் அதிகமானதால் எம்ஆர்ஐக்கெல்லாம் காத்திருக்கவில்லை. முதலிலேயே பயாப்ஸி எடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இடது பக்கக் கட்டியைக் கிள்ளப்போய் ஒரு துணுக்கு பிய்ந்தால் அது நேராக மூளைக்கே போகலாம். அந்தப் பயத்தில் அங்கே யாரும் எளிதில் கை வைக்க மாட்டார்கள். ஆக, வேறு உறுப்பாக இருந்தால் பல நாள் நிதானமாக நடக்கும் நோயறிதல், இங்கே இதயத்தை நிறுத்திவைத்து அதற்குப் பதிலாக பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு போன்காலில் வந்து நிற்கிறது.

ஃப்ரோசனுக்கு, அதாவது ஆபரேஷன் நடக்கும்போதே உறையவைத்து வெட்டிப் பார்ப்பதற்கு, வந்த துண்டு வழவழவென்று, சாம்பல் கலந்த மஞ்சளில், இங்கங்கே ரத்தம் கசிந்து இருந்தது. ஒரு ஓரம் மட்டும் விரலுக்குக் கெட்டியாகப் பட்டது. அந்த ஓரத்தைத்தான் கொடுத்தேன். இந்த மாதிரித் திசு, உறையவைத்து வெட்டும் கருவியான கிரையோஸ்டாட்டில் படுத்தும் பாடு அதில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். நீர் அதிகம் என்பதால் உறையும்போது பனிப்படிகம் உண்டாகிச் செல்களை இழுத்துக் கிழிக்கும். பிளேடில் சுருளும். சாயத்தில் முக்கினால் ஸ்லைடை விட்டே கழன்று மிதக்கும். டெக்னீஷியன் பொறுமையாகத் திரும்பத் திரும்ப வெட்டி, ஒட்டிக்கொண்ட ஒன்றிரண்டைக் கொடுத்தார்.

வெளிறிய நீலத்தில், கூழ் போன்ற (மிக்ஸாய்டு) பின்னணியில் சிதறலாகக் கதிர் வடிவச் செல்கள். மிக்ஸோமா செல்கள் சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றி வளையம் கட்டும், கோடாக வரிசை கட்டும். அதைத்தான் தேடினேன். ஓரிடத்தில் வளையம் போலத் தெரிந்தது, பனிப்படிகம் செய்த வேலையாகவும் இருக்கலாம். சில நியூக்ளியஸ்கள் பெரிதாக, கறுப்பாக இருந்தன. ஒன்று மைட்டோசிஸ் (செல் பிரிதல்) மாதிரி இருந்தது, நசுங்கிய செல்லாகவும் இருக்கலாம். நாள்பட்ட மிக்ஸோமாவிலும் சிதைவினால் அப்படிப் பெரிய நியூக்ளியஸ் வரும். மேல்பரப்பில் ரத்தம் உறைந்து ஆறிக்கொண்டிருந்தால் அங்குள்ள செல்களும் பயமுறுத்தும். இதெல்லாம் தெரிந்தவர் ஃப்ரோசனில் என்ன சொல்வாரோ அதையே நானும் போனில் சர்ஜனிடம் சொன்னேன்: முடிவு, திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்து நிதானமாகப் பார்த்த பிறகுதான்.

"சார், மிக்ஸாய்டு கட்டி. செல்கள் கொஞ்சம் ஒழுங்கில்லாம இருக்கு. மிக்ஸோமாவா இல்லையான்னு பாரஃபின்லதான் சொல்ல முடியும்."

"அது தெரியும்மா. நான் இன்னும் எடுக்கணுமா, இதோட மூடிடலாமா? அதைச் சொல்லுங்க."

"எங்க ஒட்டியிருந்தது சார்?"

"பின்சுவர்ல. பல்மனரி வெயின் பக்கம். காம்புன்னு ஒண்ணும் இல்ல, அகலமா உட்கார்ந்திருக்கு."

நான் பேசவில்லை. பின்னால் மானிட்டர் சத்தம் கேட்டது.

"ரிப்போர்ட்டை விடுங்கம்மா. உங்க மனசுக்கு என்ன படுது?"

"மிக்ஸோமா மாதிரி படல சார்."

"சரி" என்று வைத்துவிட்டார். பின்சுவரையும் சேர்த்து எடுத்து, இதய உறையான பெரிகார்டியத்தை வைத்துத் தைத்தார். அன்று இரவே ரத்தக்கசிவுக்காக மறுபடி திறக்க வேண்டியிருந்தது. பாரஃபின் பிளாக்குகளில் செல்கள் செத்துப்போன திட்டுகளும் தாராளமாக மைட்டோசிஸும் இருந்தன. மிக்ஸோமாவில் வழக்கமாகப் பிடிக்கும் கால்ரெட்டினின் சாயம் பிடிக்கவில்லை. மரபணுவை ஒளிரவைத்துப் பார்க்கும் ஃபிஷ் (FISH) சோதனையில் எம்டிஎம்2 மரபணு பெருகியிருந்தது. இன்டிமல் சார்கோமா என்ற புற்றுநோய். அவ்வளவு எடுத்தும் ஒரு விளிம்பில் கட்டி மிச்சம் இருந்தது.

அந்த உரையாடலில் என் பங்கு என்ன என்பதைத்தான் இன்னும் கணக்குப் பார்க்கிறேன். ஸ்லைடு எனக்குக் கொடுத்தது ஒரு சந்தேகம். அதை ஒரு பக்கமாகச் சாய்த்தது, கட்டி எங்கே ஒட்டியிருந்தது என்ற தகவல். அது அவர் சொன்னது. பின்சுவர், காம்பு இல்லை, அகலமான அடி என்பதெல்லாம் எனக்கு முன்பே அவர் கண்ணால் பார்த்தவை. அப்படியானால் நான் செய்தது, அவருடைய சந்தேகத்தையே வாங்கி, மைக்ராஸ்கோப் முத்திரை குத்தி அவரிடம் திருப்பிக் கொடுத்ததுதானே? ஸ்லைடிலிருந்து ஒரு பதில் வந்தது என்று அவர் நம்பி வெட்டினார். வந்ததில் பாதி அவருடையது.

இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. இதயக் கட்டிகளில் இடம் என்பதே பாதி நோயறிதல். ஏட்ரியங்களுக்கு நடுவிலுள்ள சுவரில் ஃபோசா ஓவாலிஸ் என்ற குழிவின் அருகே காம்போடு தொங்கினால் மிக்ஸோமா என்று நினைப்போம். வால்வின் மேல் சின்னதாக இருந்தால் பாப்பில்லரி ஃபைப்ரோஎலாஸ்டோமா. வலது ஏட்ரியச் சுவரை ஊடுருவினால் ஆஞ்சியோசார்கோமா. கைக்குழந்தையின் வென்ட்ரிக்கிளில் (கீழறையில்) பல கட்டிகள் என்றால் ராப்டோமயோமா, கூடவே டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய் இருக்கிறதா என்று தேடுவோம். இடம் தெரியாமல் இதயக் கட்டிக்கு ரிப்போர்ட் எழுதுவதுதான் தப்பு என்று வாதாடலாம். நானே பலமுறை வாதாடியிருக்கிறேன்.

ஆனால் நடுச்சுவரில் இல்லாத மிக்ஸோமாவும் உண்டு, பின்சுவரில் இருந்தே கிளம்புவதும் உண்டு. இது அப்படிப்பட்டதாக இருந்திருந்தால்? தீங்கற்ற ஒரு கட்டிக்காகச் சுவரை வெட்டி, ஒட்டுப்போட்டு, இரவில் மறுபடி திறந்து... அப்போது "மனசுக்குப் பட்டது" என்பதை வைத்துக்கொண்டு நான் யார் முன்னால் போய் நிற்பது? இன்னொன்றும் உண்டு. இது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. வேறிடத்திலிருந்து இதயத்துக்குப் பரவி வருபவை, இதயத்திலேயே பிறக்கும் கட்டிகளைவிட 20 மடங்குக்கும் மேல் அதிகம். மிக்ஸோமா இல்லை என்றால் வேறு என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரவி வந்த கட்டியாக இருந்திருந்தால் அத்தனை அகலமாக வெட்டுவதில் பெரிய அர்த்தம் இருந்திருக்காது. "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லை அவர் "சார்கோமா, எடு" என்று கேட்டிருக்கிறார். அவர் அப்படித்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியாதா என்ன.

பழைய காலத்து பெத்தாலஜிஸ்டுகள் மேல் சில சமயம் பொறாமை வருகிறது. 1954-ல் ஸ்டாக்ஹோமில் சர்ஜன் கிராஃபூர்டு பம்ப் வைத்து மிக்ஸோமாவை எடுத்துக்காட்டும் வரை, இந்தக் கட்டிகள் அநேகமாகப் பிணப்பரிசோதனை மேசையில்தான் கிடைத்தன. அங்கே போன் அடிக்காது. என்ன தோன்றினாலும் நிதானமாக எழுதலாம். பொறாமைப்பட வேண்டிய விஷயமா இது என்று கேட்டால், இல்லைதான்.

ஃப்ரோசன் பதிவேட்டில் அன்றைய வரி சுத்தமாக இருக்கிறது: மிக்ஸாய்டு ஸ்பிண்டில் (கதிர் வடிவ) செல் கட்டி, முடிவு பாரஃபினுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. யார் எடுத்துப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது. கட்டியின் முடிவு சார்கோமா என்று ஆனபோதும் அந்த வரி சரி, மிக்ஸோமா என்று ஆகியிருந்தாலும் சரி. நோயாளியின் இதயத்தில் கத்தி எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று முடிவு செய்த வாக்கியம் மட்டும் அதில் இல்லை. பிறகு நடந்த கூட்டத்தில், "மேடம் அன்னைக்கே கரெக்டா சொல்லிட்டாங்க" என்று சர்ஜன் எல்லார் முன்பும் பாராட்டினார். எங்கள் துறைத் தலைவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "எங்க சொல்லியிருக்கீங்க?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. எழுத வேண்டும் என்ற நிபந்தனை இருந்திருந்தால் அதைச் சொல்லியே இருக்க மாட்டேன் என்றும் தோன்றுகிறது.

சொன்னதால் அந்த நோயாளிக்கு என்ன கிடைத்தது என்பதும் தெளிவில்லை. இந்த சார்கோமாக்களில் முழுதாக எடுத்தால்தான் ஓரளவு காலம் கிடைக்கும். இங்கே முழுதாக வரவில்லை. கீமோவுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் என் மேசைக்கு எதுவும் வரவில்லை. நாங்கள் முகம் பார்ப்பவர்கள் இல்லை, பிளாக் நம்பர் பார்ப்பவர்கள்.

ஜூனியர்களுக்கு நான் பாடம் எடுக்கும்போது சொல்வது ஒன்றுதான்: ஸ்லைடில் இல்லாததைப் போனில் சொல்லாதே. சமீபத்தில் ஒரு பெண் இதை அப்படியே கடைப்பிடித்தாள். வேறொரு ஏட்ரியக் கட்டி, தியேட்டரிலிருந்து போன். "பாரஃபின் வரட்டும் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கே ஒட்டியிருந்தது என்று கேட்டாயா என்றேன்.

"ஸ்லைடை மட்டும் பார்த்துச் சொல்லுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

கேட்க வேண்டும், ஆனால் கேட்டதைப் பதிலில் கலக்கக் கூடாது என்றேன். கேட்ட பிறகு அது எப்படிக் கலக்காமல் இருக்கும் என்று நியாயமாகத்தான் கேட்டாள். இன்னொரு நாள் விளக்குகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.