நுங்குத் தோல்

"தோலை எறிந்துவிடாதே, இங்கே கொடு" என்றார் என் அம்மா.

நுங்கை உரித்துத் தின்றுகொண்டிருந்த என் மகன் விழித்தான். அவன் முதுகு முழுக்க வேர்க்குரு. மூன்று நாளாக, மாடு மரத்தில் உரசுவதுபோல் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

அம்மா அந்தப் பழுப்புத் தோலின் ஈரமான உட்புறத்தை முதுகில் வைத்து மெல்ல இழுத்தார். துளித் துளியாக நீர் இறங்கியது.

தோளைக் குறுக்கி "ஜில்லென்று இருக்கிறது பாட்டி" என்றவன், பிறகு அசையவே இல்லை.

வியர்வை நாளங்கள் அடைபட்டு, வெளியேற வழியில்லாத வியர்வை தோலுக்குள் தேங்குவதுதான் வேர்க்குரு. உடம்பு குளிர்ந்து வியர்ப்பது நின்றால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அந்தக் குளிர்ச்சிக்குத்தான் நுங்கு. நான் அள்ளிப் போட்ட பவுடரோ வியர்வையில் குழைந்து கழுத்து மடிப்பில் களிமண்ணாகக் கிடந்தது.

ஆனால் இதே அம்மாதான், நான் பத்தாம் வகுப்பு படித்தபோது பருவுக்கு எலுமிச்சையைத் தேய்த்து வெயிலில் அனுப்பினார். எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்துபோகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கறுத்த கன்னம் தெளியப் பல மாதங்கள் ஆயின.

நினைவூட்டினேன்.

"அது வேறு, இது வேறு" என்றார், அடுத்த நுங்கை உரித்துக்கொண்டே.