ஆட்டுப் பெருநாடியின் உள்பக்கம்

1980இல் எங்களோடு உயர்தர வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்த ஆட்டு இதயங்கள் ஞாபகமிருக்கும். விலங்கியல் சேர் சந்தை இறைச்சிக் கடையில் முதல் நாளே சொல்லிவைத்து, பெருநாடி நீளமாக ஒட்டியிருக்கிற மாதிரி வெட்டுவித்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். நான்கு பேருக்கு ஒன்று. அறைகள், வால்வுகள் எல்லாம் பார்த்து வரைந்து முடித்து நாங்கள் கைகழுவ எழும்பிய நேரம், அவர் பெருநாடியை நீளவாக்கில் கத்தரித்து விரித்தார்.

"உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கோ."

பலாச்சுளை போல வழுவழுவென்று இருந்தது. பிறகு கத்தியின் முதுகால் அதை மெல்ல உரசினார். எதுவும் உதிர்ந்ததாகத் தெரியவில்லை. "இப்ப அகவணி போயிட்டுது. ஒரேயொரு கலப் படை. கண்ணுக்குத் தெரியாது."

அதே 1980இல்தான் நியூயோர்க் புரூக்ளினில் மருந்தியல் ஆய்வாளர் ரொபேர்ட் ஃபேர்ச்கொட் தன் முடிவை வெளியிட்டார். முயலின் பெருநாடித் துண்டில், நரம்புகள் சுரக்கும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை விட்டால் சிலவேளை சுருங்கும், சிலவேளை தளரும். துண்டை வெட்டும்போது உள்பக்கம் உரசுப்பட்டதா இல்லையா என்பதில்தான் விஷயம் இருந்தது. அகவணி இருந்தால் தளரும், உரசுப்பட்டுப் போனால் சுருங்கும். வெறும் உட்பூச்சு என்று நினைத்திருந்த படை, கீழே உள்ள தசைக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது! அந்தச் சேதி நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு என்பதை 1987இல் லண்டனுக்குப் பக்கத்தில், பெக்கன்ஹாமில், சல்வடோர் மொன்காடாவின் குழு காட்டியது. நெஞ்சு நோ வந்தால் அப்பா நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை உடம்புக்குள் போய்க் கொடுப்பதும் அதே வாயுவைத்தான்.

லண்டனில் ஃபேர்ச்கொட்டின் கட்டுரையை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சேரின் கத்திமுதுகுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதன் பிறகு வேறு எதையும் படிக்க மனம் போகவில்லை.

எங்கள் ஆய்வுகூடத்துக்கு அகவணிக் கலங்கள் தொப்புள்கொடியிலிருந்து கிடைக்கின்றன. தாய்மாரின் சம்மதத்தோடு பிரசவ விடுதியிலிருந்து கொடி வரும். அதில் இரண்டு நாடி, ஒரு நாளம். நாளத்தைக் கழுவி, கொலாஜனேஸ் என்ற நொதியத்தால் நிரப்பி, உடற்சூட்டில் கொஞ்சநேரம் வைத்தால் கலங்கள் சுவரை விட்டுக் கழன்று வரும். தட்டில் வளர்ந்ததும் பாவிய கல் மாதிரி நெருங்கி நிற்கும். மேலால் திரவத்தை ஒரே சீராக ஓடவிடுங்கள். ஓரிரு நாளில் அவை நீண்டு, ஓட்டம் போகும் பக்கமாகவே படுத்துவிடும். இறைப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் புல் படுப்பதைப் பார்த்திருக்கிறோமே, அச்சொட்டாக அப்படி. ஆனால் நாடி கிளைபிரியும் இடத்தில், கழுத்து நாடியில் நடப்பதுபோல, ஓட்டம் சுழன்று தடுமாறும். அங்கே கலங்களுக்குத் திசை தெரியாது. கொலஸ்ரோல் உள்ளே இறங்குவதும், வெண்குழியங்கள் வந்து ஒட்டுவதும், படிவு கட்டுவதும் பெரும்பாலும் அந்த இடங்களில்தான். என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி இந்தச் சந்திகளோடேயே போயிருக்கிறது.

தொண்ணூறுகளில், கடிதம் போய்ச்சேருமோ என்று தெரியாத காலத்தில், அந்தக் கலங்களின் படமொன்றைச் சேருக்கு அனுப்பினேன். மாதங்கள் கழித்துக் கொப்பித்தாளில் பதில் வந்தது. சுகம் விசாரித்திருந்தார். வாழ்த்தியிருந்தார். அடியில் ஒரு கேள்வி: "இது ஆண்பிள்ளையின் கொடியா, பெண்பிள்ளையின் கொடியா?"

நாங்கள் அதுவரை அதைக் குறித்துவைத்ததே இல்லை. அடுத்து வந்த கொடியிலிருந்து குறிக்கத் தொடங்கினோம்.